அவர் வெளியே போயிருக்கார்

குஷன் அக்கா ஒரு சோபாவைப் பார்த்தால் உடனே உட்கார மாட்டாள். முதலில் கையை மூடி மூலையில் ஒரு குத்து. குத்திய பள்ளம் சட்டென்று எழுந்தால் சரி. சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தால் முகத்தைச் சுளித்து, "இது குஷன் இல்ல, தூங்குமூஞ்சி" என்பாள். சொந்தக்காரர் வீடு, பல் டாக்டர் வரவேற்பறை, எங்கே போனாலும் இந்தக் குத்து உண்டு. "என்னையும் குத்திப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்பார் அவள் கணவர். பஸ் டிரைவர். அவர் ஓட்டிய பஸ்ஸின் கிழிந்த சீட்டுகளைத் தைக்கத்தான் அவள் முதன்முதலில் பணிமனைக்குள் நுழைந்தாள்.

சீட்டு தைத்தவள் சோபாவுக்கு வந்தது தச்சரால். தச்சருக்கு மரம் என்றால் உயிர். சோபாச் சட்டம் செய்து நிறுத்தினார் என்றால் யானை ஏறி உட்கார்ந்தாலும் கிறீச் என்று ஒரு சத்தம் வராது. ஆனால் மெத்தைப் பக்கம் கையே ஓடாது. அவளுக்கோ நேர் எதிர். இரண்டு பேரும் சேர்ந்து, சந்து முனையில் தகரக் கூரை போட்ட நீளமான கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். முன்பாதி மரம், பின்பாதி மெத்தை. மரத்தூள் பறந்து ரெக்சினில் படியாமல் இருக்க நடுவில் ஒரு படுதா. அந்தப் படுதாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றுகொண்டு நாள் முழுக்க வம்பு.

"மரத்தை அளவுக்கு அறுக்கறேன். நீ ஸ்பாஞ்சை மட்டும் ஏன் ஒரு விரல் கூடுதலா வெட்டறே? அளவு தெரியாதவ" என்பார் தச்சர்.

"தெரிஞ்சுதான்ண்ணே வெட்டறேன். அளவுக்கு வெட்டினா உறைக்குள்ள உங்கள மாதிரி லொடலொடன்னு ஆடும். கொஞ்சம் கூட இருந்தாத்தான் நெருக்கிக்கிட்டு நெஞ்சை நிமித்தி நிக்கும்."

ஸ்பாஞ்சும் ரெக்சினும் கடனுக்குத்தான் வரும். கடைத்தெருவின் கோடியில் இருக்கும் ஸ்பாஞ்சுக் கடைக்காரர், முதல் நாளே இரண்டு பேரையும் எதிரில் நிறுத்திக் கேட்டார்: "சரக்கு எடுக்க யார் வருவீங்க? யாரு சொன்னா நான் குடுக்கட்டும்?"

அக்காதான் முந்திக்கொண்டு சொன்னாள். "யாரு சொன்னாலும் ஒண்ணுதாண்ணே. அவர் சொன்னா நான் சொன்ன மாதிரி."

எவ்வளவு பெருமை அந்தப் பேச்சில்! நெஞ்சு நிமிர்ந்த குஷன் மாதிரியே நின்றிருப்பாள். பிறகு வருஷக்கணக்காக அதையே சொன்னாள். கடைக்காரரும் அதை நம்பிச் சரக்கு கொடுத்தார். பணமும் ஒழுங்காகப் போனது.

தச்சரின் மருமகன் வந்து சேர்ந்ததும்தான் எல்லாம் மாறியது. தையலே இல்லாமல், பசை போட்டு ஒட்டி, சோபாவை மலிவாக விற்கலாம் என்றான் அவன். அவனை மூன்றாவது கூட்டாளியாகச் சேர்க்கலாம் என்றார் தச்சர். அக்கா முடியாது என்றாள். ஒரு வார்த்தை இரண்டானது. கடைசியில் தச்சர், "நீ தைக்கிறவ. அதோட நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பேசியதே இல்லை. அக்கா நடுவில் தொங்கிய படுதாவைக் கழற்றி மடித்து வைத்தாள். அவ்வளவுதான், கூட்டு முடிந்தது.

பிரித்துக்கொண்டார்கள். மரம் இழைக்கும் மெஷின் அவருக்கு. கனத்த ரெக்சினையும் தைக்கும் பெரிய மெஷின் அவளுக்கு. அதன் கடைசித் தவணையைக் கட்டிய ரசீதின் மைகூடக் காயவில்லை. கூடம் அவளுக்கு, மரக்கட்டைகள் அவருக்கு. டீ கிளாஸைக்கூட ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் பிரித்தவர்கள், கடைத்தெருவில் தங்கள் கடைக்கு இருந்த பெயரைப் பிரிக்க மறந்துபோனார்கள்.

மறந்தது அவர். அவள் மறக்கவில்லை, மறைத்தாள். தச்சர் இல்லாத கடைக்கு யார் வருவார்கள் என்று பயம். அதனால் கூடத்து வாசலில் இருந்த பெயர்ப்பலகையை மாற்றவில்லை. சட்டங்களை வேறோர் இடத்தில் செய்யச் சொல்லி வாங்கினாள். யாராவது தேடி வந்தால், "அவர் வெளியே போயிருக்கார்" என்பாள். படுதாவைக்கூடத் திரும்பக் கட்டிவிட்டாள், பின்னால் ஆள் இருப்பது போல! ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு டிரைவர் சிரித்தார். "முழுப் பூசணிக்காயை நீ சோத்துல மறைக்கல, படுதாவுல மறைக்கறே."

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் போன் வந்தது.

எதிரில் புது வீட்டுக்குப் போகும் கணவன் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். பெரிய ஆர்டர். "தச்சர் வேலையும் உங்க வேலையும் சேந்திருக்குன்னு சொன்னாங்க, அதான் தேடி வந்தோம்" என்று அந்தப் பெண் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. ஸ்பாஞ்சுக் கடைக்காரர்.

"ஏம்மா, உங்க தச்சர் பெரிசா சரக்கு கேட்டிருக்கார். எப்பவும் எடுக்கறதைவிட ரொம்ப அதிகம். ஏத்தி அனுப்பட்டுமா?"

கூட்டு முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். நாலு வார்த்தைதான். ஆனால் எதிரில் இருந்த பெண் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வெளியே போயிருக்கார்ண்ணே" என்றாள் அக்கா. அப்புறம் பழக்கத்தில் நாக்கு தானாகவே ஓடியது. "அவர் சொன்னா நான் சொன்ன மாதிரிதான்."

தச்சர் ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்வார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆர்டர் கிடைத்தது. ஆனால் அன்று தைத்த தையல் எல்லாம் கோணல். பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் ஸ்பாஞ்சுக் கடைக்காரரே நேரில் வந்து நின்றார். எப்போதும் வந்ததும் ஏதாவது ஒரு குஷனில் விழுந்து "அப்பாடா" என்பவர், அன்று உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து பில்களை எடுத்து நீட்டினார். எல்லாவற்றிலும் அக்கா கடையின் பெயர். எல்லாவற்றிலும் தச்சரின் கையெழுத்து. கூட்டுத்தொகையை அக்கா இரண்டு தடவை படித்தாள். பெரிய மெஷினை விற்றால்தான் கொஞ்சமாவது எட்டும்.

"அவர் போனை எடுக்கறதில்ல. எனக்கு ஸ்பாஞ்சு அனுப்பற ஃபாக்டரிக்காரன் என் கழுத்துல கத்தி வெச்சிருக்கான்மா."

"பாதி நான் தரேன்ண்ணே" என்றாள் அக்கா.

"பாதி உன்னோடது, பாதி அவரோடதுன்னு எனக்குக் கணக்கு கிடையாது. ரெண்டு பேர்ல யாரு கைக்கு எட்டறாங்களோ அவங்க முழுசும் குடுக்கணும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கங்க." கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ தப்பு செய்தவர் மாதிரி தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவர் போனதும் அக்கா தன் வீட்டு மாடியில் குடியிருக்கும் வக்கீல் குமாஸ்தாவைத் தேடிப் போனாள். தண்ணீர் மோட்டார் போடுவதற்குக்கூடச் சட்டம் பேசுவதால், தெருவில் அவருக்கு 'செக்ஷன்' என்றே பெயர். துவைத்த துணிகளை உதறிக் காயப் போட்டுக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"கூட்டாளி ஒருத்தர் கடை பேரைச் சொல்லி, கடை வியாபாரத்துக்கான சரக்கைக் கடன்ல வாங்கினா, எல்லாக் கூட்டாளியும் வாங்கின மாதிரி. நான் பாக்கலை, தொடலை, கையெழுத்துப் போடலைன்னெல்லாம் சொன்னா எடுபடாது."

"நாங்கதான் பிரிஞ்சிட்டோமே!"

"அது உங்களுக்குத் தெரியும். அவருக்கு யாரு சொன்னது? கடன் குடுக்கறவன்கிட்ட சொல்லாத வரைக்கும் பிரியாத மாதிரிதான்."

அக்காவின் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "ஒரு சந்து இருக்கு. அன்னைக்குப் போன்லயே, நாங்க பிரிஞ்சிட்டோம், அவருக்குக் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன்னு ஒரே பிடியா நில்லுங்க. உங்க வாய், அவர் காது. நடுவுல சாட்சி ஏது?"

டிரைவருக்கு இந்த யோசனை பிடித்துப்போய்விட்டது. "சொல்லிடு. நம்மளை ஏமாத்தினவனுக்காக நாம ஏன் மெஷினை விக்கணும்?" என்றார். அக்கா சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் போனுக்குச் சாட்சியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் வாய்க்கும் கடைக்காரர் காதுக்கும் நடுவில் சாட்சியாக அவளே உட்கார்ந்திருந்தாளே!

மறுநாள் தச்சரைத் தேடிப் போனாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. கதவு சாத்தியிருந்தது, தாழ் இல்லை. உள்ளே போனவள் அப்படியே நின்றாள். ஒரு பக்கம் பிரிக்காத ஸ்பாஞ்சுப் பலகைகள் கூரை வரை. இன்னொரு பக்கம் திரும்பி வந்த சோபாக்கள். நடுவில் ஒரு முக்காலியில் தச்சர், தாடியோடு.

அக்கா பக்கத்துச் சோபாவின் மூலையில் ஒரு குத்து விட்டாள். உறை மட்டும் சுருங்கியது. உள்ளே மெத்தை ஒரு பக்கமாக நகர்ந்து ஒதுங்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி.

"அளவுக்கு வெட்டினீங்களா?"

"அளவுக்குத்தான் வெட்டினேன்." தச்சர் தலை நிமிரவில்லை. "நூல் பிசகாம வெட்டினேன். ஒரு மாசத்துல எல்லாம் லொடலொடன்னு ஆயிடுச்சு. வித்தது பூரா திரும்பி வந்துடுச்சு. இருந்த காசைத் தூக்கிட்டு மருமகன் போயிட்டான். பொண்ணு உள்ள அழுதுட்டு இருக்கா."

இத்தனை வருஷம் படுதாவுக்கு அந்தப் பக்கம் நின்று கேலி செய்தவர்! சொன்னதை ஒரு தடவையாவது காதில் வாங்கியிருக்கக் கூடாதா? அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாக மாறியது.

"கடை பேரைச் சொல்லி ஏன்ண்ணே வாங்கினீங்க?"

"என் பேரைச் சொன்னா எவன் தருவான்? கட்டிடலாம்னுதான் நினைச்சேன். சத்தியமா." பிறகு மெதுவாகக் கேட்டார். "கடைக்காரர் உனக்குப் போன் பண்ணாராமே. நீ சரின்னியாமே. ஏன் சொன்னே?"

அக்கா பிரிக்காத பலகைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இதுல ஒண்ணையும் இனிமே தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நேரே ஸ்பாஞ்சுக் கடைக்குப் போனாள். வழியெல்லாம் 'செக்ஷன்' சொன்ன சந்து கண் முன்னால் திறந்தே கிடந்தது. ஒரு பொய்தான். இதற்கு முன்னால் சொன்ன பொய்கள் எத்தனை! இன்னும் ஒன்று சொன்னால் என்ன? கடைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"அன்னைக்கு நீங்க போன் பண்ணப்பவே நாங்க பிரிஞ்சிட்டோம்ண்ணே" என்றாள். ஒரு நிமிஷம் அங்கேயே நிறுத்தினாள். அந்த இடத்தில் இரண்டு வழியும் இருந்தன. "ஆனா நான் உங்ககிட்ட சொல்லல. எதிர்ல ஆர்டர்காரங்க இருந்தாங்க, ஆர்டர் போயிடும்னு பயந்துட்டேன். அவர் சொன்னா நான் சொன்ன மாதிரின்னு நான்தான் சொன்னேன். அதனால சரக்கு நான் வாங்கினதுதான்."

கடைக்காரர் பில்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மெஷினை வித்துக் குடுன்னு கேக்கலாம்னு இருந்தேன்" என்றார் கடைசியில். "பிரிக்காத பலகையைத் திருப்பி எடுத்துக்கறேன். மீதிக்கு என் கடை மெத்தைக்கெல்லாம் உறை தைச்சுக் கழி. மெஷின் உன்கிட்டயே இருக்கட்டும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இரும்மா, முடிக்கல. இனிமே உனக்குக் கடன் கிடையாது. கையில காசு, அப்புறம் சரக்கு. மனசுல ஒண்ணுமில்ல. ஆனா நீ சொன்னா சரின்னு கண்ணை மூடிக்கிட்டு ஏத்தி அனுப்ப இனிமே என்னால முடியாது."

பணத்தைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. பாவி, அத்தனை வருஷ வார்த்தையை ஒரு போனில் தொலைத்துவிட்டாளே!

தச்சர் இழைப்பு மெஷினை விற்று, கிடைத்ததைக் கடைக்காரரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். யானைப்பசிக்குச் சோளப்பொரி. மிச்சம் அக்காவின் தலையில்தான். அவரிடம் கேட்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது என்று 'செக்ஷன்' தினமும் மாடியிலிருந்து ஞாபகப்படுத்துகிறார். கேட்டால் அவர் எங்கே போவார்? தப்பாக வெட்டிய மெத்தைகளை அவள் எடுத்து வந்தாள். சோபாவுக்குச் சின்னதாகப் போனவற்றை ஓரம் வெட்டினால் நாற்காலிக்கு ஆகும். காலையில் கடைக்காரருக்கு உறை, மாலையில் சொந்த வேலை. கழுத்தும் தோளும் கல்லாகிப் போய்விட்டன. டிரைவர் அவள் தோளில் ஒரு குத்து விட்டு, "எழும்பவே மாட்டேங்குதே, தூங்குமூஞ்சி" என்றார். அவள் சிரித்தாள், ஆனால் தைப்பதை நிறுத்தவில்லை.

நேற்று ஒரு குடும்பம் வந்திருந்தது. கூடத்துக்கு முழு செட் வேண்டுமாம். துணி மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் படுதாப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தச்சர் இருக்காரா? அவர்கிட்ட மரத்தைப் பத்திக் கேக்கணும்."

மெஷினின் மிதியில் இருந்த அக்காவின் கால் நின்றது.

"அவர் இங்க இல்லைங்க. கூட்டு முடிஞ்சு போச்சு. மெத்தை மட்டும்தான் நான். மரம் வெளியில வாங்கித் தரேன், நல்லாத்தான் இருக்கும். ஆனா அவர் வேலை இல்ல."

பெரியவர் மனைவியைப் பார்த்தார். மனைவி துணி மாதிரிப் புத்தகத்தை மூடினாள். "யோசிச்சுட்டு வரோம்" என்று எழுந்தார்கள். வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, சந்தில் இறங்கிவிட்டார்கள்.

அக்கா எழுந்து போய் நடுவில் தொங்கிய படுதாவை அவிழ்த்தாள். மரத்தூள் வாசனை இன்னும் அதில் இருந்தது. உதறி, விரித்து, நாற்காலி மெத்தை ஒன்றுக்கு அளவு பார்த்தாள். அடியில் தைக்க ஆகும். சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரு விரல் கூடுதலாகவே வெட்டினாள்.