நான் வெட்டிய நட்சத்திரம்

கப்பல்துறையில் இருந்து பஸ் ஏறித் தம்பலகாமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் போகிறேன். ரோட்டில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். இந்த நியமனம் வந்த நாளில் வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் போக நினைத்த இடம் வேறு.

அதற்கு முந்தைய இரண்டு வருடமும் வெண்குள்ளன்களோடு கிடந்தேன். சூரியன் மாதிரியான நட்சத்திரம் எரிந்து முடிந்து, சுருங்கி மிஞ்சுவதுதான் வெண்குள்ளன். கிட்ட வருகிற சிறுகோளை அது இழுத்துப் பிய்த்துவிடும். அந்தத் தூள் அதைச் சுற்றித் தட்டாகப் பரவி, சூடேறி, அகச்சிவப்பில் ஒளிரும். ஆகவே வெறும் நட்சத்திரத்துக்கு இருக்கவேண்டியதைவிட அகச்சிவப்பு கூடுதலாக இருந்தால், அங்கே தூசுத் தட்டு இருக்கலாம். முழு வானத்தின் படங்களும் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. ஒரு லப்டொப் போதும். ஆராவது கேட்டால் அப்பா, "பிள்ளை வானத்தில தூசு தேடுறா. வீட்டில கிடக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லை" என்பார்.

அகச்சிவப்புப் படத்தில் ஒரு கரைச்சல் உண்டு. அது மங்கல். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தூரத்துக் கலக்சி, அதாவது நட்சத்திர மண்டலம், ஒன்று தெரிந்தால், இரண்டின் ஒளியும் குழம்பித் தட்டு இருப்பதுபோல ஏமாற்றும். ஒவ்வொன்றையும் தெளிவான சாதாரணப் படத்தோடு ஒப்பிட்டு, சந்தேகமானதைப் பட்டியலில் இருந்து வெட்டவேண்டும். வெட்டி வெட்டி ஒன்றே ஒன்று மிஞ்சியது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் படிப்புக்கு, அதாவது பிஎச்டிக்கு, விண்ணப்பித்திருந்தேன். சொந்தமாகக் கண்டுபிடித்தது ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். காட்டுவதற்கு என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

கொழும்பில் இருந்த என் பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார். "பக்கத்தில ஒரு மங்கல் தெரியுது. அது கலக்சி. இதையும் வெட்டிவிடுங்கோ."

"ஓம் சேர்" என்றேன்.

அது கலக்சிதான். ஆனால் கூடுதல் ஒளி அதில் இருந்து வரவில்லை. அகச்சிவப்பு ஒளியின் நடுப்புள்ளி நேரே நட்சத்திரத்தின் மேல் விழுந்ததை முதல் நாளே அளந்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சேர் சொன்னபிறகு எதிர்க்கதை கதைப்பதா? மறுத்துப் பேசுகிற பிள்ளைக்கு எங்கள் பக்கம் வாய்க்காரி என்று பெயர். வெட்டினேன். தட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று அறிக்கை எழுதினேன். வெளிநாட்டில் எனக்கு இடமும் கிடைக்கவில்லை.

போன தவணை, ஆசிரியர் அறையில் இருக்கும்போது பேராசிரியர் அழைத்தார். வெளிநாட்டுக் குழு ஒன்று பெரிய தொலைநோக்கியால் அதே நட்சத்திரத்தைப் பார்த்து, தூசுத் தட்டை உறுதிப்படுத்திக் கட்டுரை வெளியிட்டிருந்தது.

"நான் அளந்தனான் சேர்," என்றேன். "ஒளி நட்சத்திரத்தில இருந்துதான் வந்தது. அப்பவே எனக்குத் தெரியும்."

அவர் கேட்டார், "பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் வெட்டச் சொன்னீங்கள்."

"சொன்னனான்தான். பிழை எண்டு காட்டியிருந்தா மாத்தியிருப்பன். நான் எப்பவாவது உங்களை ஏசினனானோ?"

இல்லை. ஒருநாளும் ஏசியதில்லை. என் அரைகுறைக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன மனிதர். ஏசியிருந்தால் இன்றைக்கு அவரையாவது திட்டித் தீர்த்திருப்பேன்.