மலிவான சிப்பும் கழிவு மூட்டையும்

2023 ஜூலை 11. புதிய பலகைக்குக் கம்பனி கேட்டது: ரூபா 1,140,000.
2023 ஜூலை 19. அதே வகைச் சிப்புடன் பழுதுபார்க்க றம்ஸீன் கேட்டது: ரூபா 325,000.
2023 ஜூலை 20. சாதாரணச் சிப்புடன் முடிக்க றம்ஸீனுக்குக் கொடுத்தது: ரூபா 78,000.
2023 செப்டெம்பர் 4. அனுஷியாவை நிறுத்திக் கணக்கு முடித்தது: ரூபா 21,600.

முஸம்மில் ஹாஜியார் கடித்துப் பார்க்காமல் ஒரு பிடி மிளகும் வாங்கியதில்லை. வியாபாரத்துக்கு வந்த புதிதில், பல்லேகமப் பக்கமிருந்து வந்த ஒரு சாக்கில் கால்வாசி காய்ந்த பப்பாளி விதையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் தராசை நம்பவில்லை, லொறிக்காரரை நம்பவில்லை. மருமகன் பெருநாளுக்குக் கொண்டுவந்த பேரீச்சம்பழப் பெட்டியையும் அடிவரை கிளறிப் பார்த்தார். "நானும் நிக்காஹ் முடிச்ச அன்னைக்கு ஒருக்கா நிறுவையில ஏறி எறங்கினவதான்" என்று அவருடைய மனைவி றாபியா சொல்லிச் சிரிப்பார்.

அலுவிகாரைக்குப் போகும் பாதையில் இருந்தது அவருடைய ஸ்டோர். அங்கே மிளகு தரம் பிரிக்கும் மெஷின் ஒன்று உண்டு. மணிகள் வாய்க்கால் வாய்க்காலாகச் சறுக்கி விழும், கமரா பார்க்கும், கெட்ட மணி வந்தால் காற்று அதை ஊதிப் பக்கத்து மூட்டையில் தள்ளும். அந்தக் கழிவு மூட்டை வேலை செய்யும் பெண்களுக்கு உரியது. சனிக்கிழமை அவர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். அவருக்கு மட்டும் அது எப்போதும் கண்ணில் விழுந்த தூசிதான்.

ஜூலையில் இடி விழுந்து மெஷினின் சிப் பதித்த பலகை கருகியது. நகரத்தில் எலக்ட்ரோனிக் பழுதுபார்க்கும் றம்ஸீன் அதைச் சரிசெய்து கொடுத்தான். மெஷின் ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரம், கழிவு மூட்டைக்குள் கையை விட்ட ஹாஜியார் ஒரு மணியை எடுத்துக் கடித்தார். கண்ணில் நீர் வந்தது. முதல்தர மிளகு.

மெஷினை ஓட்டியவள் எல்கடுவத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் அனுஷியா. ஹாஜியார் நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மெதுவா விடு புள்ள. கண்ணுக்குத் தெரியணும்."

அவள் மிளகு விழும் வாயைக் குறைத்தாள். கெட்டது கழிவுக்கும் நல்லது சாக்குக்கும் பிசகாமல் போயின. தொழுகைக்குப் போய்த் திரும்பியவர் மூட்டைக்குள் கையை விட்டார். மறுபடியும் நல்ல மிளகு.

"நான் இருந்தா ஒழுங்கா ஓடுது. நான் போனா உங்க மூட்டை நிரம்புது. மெஷினுக்கும் பங்கு குடுக்கிறியோ?"

"நீங்க பக்கத்துல குந்தியிருந்தா அது ஒழுங்கா ஓடுதுங்க. அதுக்கு நான் என்னங்க முதலாளி செய்யறது? நாள் முழுக்க இங்கனயே குந்தியிருங்க."

அருகில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஹாஜியாருக்கு வாக்குமூலம் போலக் கேட்டது. செப்டெம்பர் நாலாம் திகதி எல்லோர் முன்னிலும் "களவு எடுக்கிற கைக்கு இங்க வேலை இல்ல" என்று சொல்லிக் காசை மேசையில் வைத்தார். அவள் அதை உடனே எடுக்கவில்லை. "எண்ணிப் பாருங்க முதலாளி, அதுலயும் நான் எடுத்திருப்பேன்" என்றாள்.

அவளுடைய இடத்துக்குத் தங்கையின் மகன் ஹுஸ்னியைக் கொண்டுவந்தார். அந்த வாரமும் கழிவு மூட்டையில் நல்ல மிளகு இருந்தது. ஹுஸ்னியின் மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து பார்த்தார். மழைச்சட்டை மட்டும் இருந்தது. அவனையும் வெளியே அனுப்பிவிட்டு, வாசலில் லொறி காத்துநிற்க, வாயை முழுதாகத் திறந்து தானே மெஷினை ஓட்டினார். மூட்டையில் கையை விட்டு ஒரு மணியைக் கடித்தார். காரம் ஏறியது.

சந்தேகப்பட இனி ஒருவன்தான் மிச்சம். நேரே றம்ஸீனின் கடைக்குப் போனார்.

"நல்ல சிப்ப கழட்டி வித்துட்டு எனக்கு உக்கினத மாட்டினியா?"

"கருகின சிப்ப உங்க கையிலயே தந்தேனே ஹாஜியார். நீங்கதான் கடதாசில சுத்தி மேசை லாச்சிக்குள்ள வெச்சீங்க. அதே வகை போட மூணேகால் லச்சம் வேணும்ண்டு சொன்னேன். அதுல நீ எவ்வளவு அடிக்கப் போறாய்ண்டு கேட்டீங்க."

"ரெண்டும் கம்ப்யூட்டர்தானே?"

"ரெண்டும் ஒன்டில்ல. மெஷின் வர முந்தி பொம்பளைங்க வரிசையா இருந்து மிளகு பொறுக்கினாங்கதானே, ஒவ்வொருத்திக்கும் முன்னால ஒவ்வொரு குவியல்? பழைய சிப் அந்த வரிசை மாதிரி. எஃப்.பி.ஜி.ஏ. எண்டு சொல்றது. உள்ளுக்குள்ள இருக்கிற இணைப்பையே வேலைக்குத் தக்க மாத்தி அமைக்கலாம். வாய்க்காலுக்கு ஒரு ஆள இருத்தின மாதிரி. ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருக்கிறதில்ல."

"நீ போட்டது?"

"அது ஒரே ஆள். கெட்டிக்காரன்தான், ஆனா எல்லா வாய்க்காலையும் அவனே ஓடி ஓடிப் பார்க்கணும். கொஞ்சமா விழுந்தா சமாளிப்பான். அள்ளிக் கொட்டினா, கெட்ட மணிய கண்டு காத்தடிக்கச் சொல்ற நேரம் அது கீழ போயிரும். காத்து அடிக்கிறது பின்னால வார நல்ல மணிக்கு. கூட ஓட்டினா பிந்துவான்ண்டு அன்னைக்கே சொன்னேன்."

ஹாஜியார் விடவில்லை. "ஹுஸ்னி கம்ப்யூட்டர்ல கேம் விளையாட ஒரு கிராஃபிக்ஸ் காட் வாங்கினான். ஆயிரம் வேலைய ஒன்டா செய்யும்ண்டான்?"

"அது பட்டாளம். ஒரே கட்டளைக்கு ஆயிரம் பேர் கை தூக்குவாங்க. ஆனா எல்லாரையும் சேர்த்து நிப்பாட்டித்தான் கட்டளை குடுக்கணும். விழுற மணி அதுவரைக்கும் நிக்குமா?"

"இந்த ஒரு வேலைக்குண்டே செஞ்ச சிப்?"

"அது எல்லாத்தையும் விட வேகம். ஆனா ஒருக்கா செஞ்சா செஞ்சதுதான், மாத்த ஏலாது. நாளைக்கு கராம்பு போட்டீங்கண்டா கைய விரிச்சிரும்."

இதில் இவனுக்கு என்ன லாபம் என்று ஹாஜியார் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. மெதுவாக விட்டால் சரியாக ஓடியதும், வாயைக் குறைக்கச் சொன்னது தாமே என்பதும், தாம் எழுந்து போனதும் வேலை முடிய அனுஷியா அதை மறுபடி முழுதாகத் திறந்திருப்பாள் என்பதும் அங்கே நிற்கும்போதுதான் ஒன்றாகப் பொருந்தின. சரியான சிப்பைப் போடச் சொன்னார். போட்டபின் மெஷின் முழுவேகத்திலும் பிசகவில்லை.

ஹுஸ்னியை எல்கடுவவுக்கு அனுப்பி அனுஷியாவை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். அவள் வரவில்லை. உக்குவளையில் ஒரு வாசனைத் திரவியத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை பேசியிருந்தார்கள். முன்பு வேலை செய்த இடத்துக் கடிதம் கேட்டார்கள். "களவு எடுக்கலன்னு எழுதித் தரச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று ஹுஸ்னியிடம் சொல்லி அனுப்பினாள்.

எழுத்தில் எதற்குக் கேட்கிறாள்? வழக்குப் போடவா? ஹாஜியார் யோசித்து யோசித்து, "இவர் மீது எதுவும் நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதினார். அனுஷியா கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பினாள். தொழிற்சாலை வேறொருத்தியை எடுத்தது. அனுஷியா தோட்டத்தில் கிலோக் கணக்கில் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து பறிப்பதாக ஹுஸ்னி வந்து சொன்னான்.

பெப்ரவரியில் அதே தொழிற்சாலை மறுபடியும் ஆள் தேடியது. றாபியா பேனையைக் கொண்டுவந்து கணவரின் முன்னால் வைத்தார். "கோர்ட்டுக்குப் போறவளா இருந்தா எப்பவோ போயிருப்பாள். எழுதுங்க."

பல தாள்கள் கசங்கின. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "அனுஷியா என்னிடம் ஆறு வருடம் வேலை செய்தார். அவர் எதையும் களவு எடுக்கவில்லை. மெஷினுக்குப் பொருந்தாத சிப்பைப் போடச் சொன்னது நான். அவரைக் கள்ளி என்று சொன்னதும் நான். இரண்டும் பிழை."

சாதாரணத் தபாலை நம்பாமல் பதிவுத் தபாலில் அனுப்பினார். அது எல்கடுவவுக்கு வந்து சேர்ந்தது 2024 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை.