நிலம் பார்த்த விளக்குகள்

எங்கள் காரின் முன்விளக்குகள் இரண்டும் நிலத்தைப் பார்த்தபடியே இருந்தன. மணவறையில் இருக்கிற பொம்பிளை மாதிரி நிமிர்ந்து பார்க்கவே தெரியாத விளக்குகள் என்று நான் பகிடி பண்ணுவேன். காருக்கு முன்னால் ஒரு பாய் விரித்த அளவுக்கு வெளிச்சம் விழும். அதற்கு அப்பால் கும்மிருட்டு. பகலில் ஓடுகிற காருக்கு விளக்கு எப்படி இருந்தால் என்ன என்று நானும் கனகாலம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எனக்குச் சிறுநீரகம் பழுதான பிறகுதான் அந்த விளக்குகளைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது. எங்கள் பக்கத்தில் இந்தச் சிறுநீரக வருத்தம் புதினம் இல்லை. சிலர் கிணற்றுத் தண்ணீரைக் குற்றம் சொல்கிறார்கள், சிலர் வயலுக்கு அடிக்கிற மருந்தைச் சொல்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்லி என்ன, ஊசி என் கையில்தான் ஏறுகிறது. கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது விடியற்காலை முறை. எங்கள் ஊரான அக்கராயனிலிருந்து அவ்வளவு வெள்ளெனப் போக பஸ் இல்லை. வாடகைக்கு வான் பிடித்தால் விளைகிற நெல் முழுக்க வான்காரனுக்குத்தான். ஆகவே என் கணவர் கார் ஓட வேண்டும், அதுவும் இருட்டில்.

ஒருநாள் கனகராயன்குளத்துக்கு இப்பால் நடுவீதியில் ஓர் எருமை படுத்திருந்தது. தார் வீதியின் சூட்டைத் தேடி மாடுகள் இரவில் வந்து படுப்பது இங்கே வழமை. ஒழுங்கான வெளிச்சம் உள்ளவன் தூரத்திலேயே கண்டு விலத்திப் போய்விடுவான். எங்களுக்கு அது அந்த வெளிச்சப் பாயின் விளிம்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் பிரேக் அடித்த அடியில் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மண்ணில் இறங்கி நின்றது. என் நெற்றி முன்னால் மோதி வீங்கிவிட்டது. எருமை எழும்பக்கூட இல்லை.

எங்களுக்கு ஒரே ஒரு மகள். கல்யாணம் கட்டி வவுனியாவில் இருக்கிறாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் நெற்றியைக் கண்டுவிட்டாள். நான் கதவில் இடித்தது என்று சமாளிக்கப் பார்த்தேன். தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்ற நிலையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி அம்மா எங்களோடு இருக்கட்டும், அப்பா இருட்டுக்குள் கார் ஓட வேண்டாம் என்று முடிவாகச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர் வயலையும் மாடுகளையும் விட்டுவிட்டு வவுனியாவில் வந்து குந்தியிருக்க முடியாது. அவர் அங்கே, நான் இங்கே என்றுதான் ஆகும். எனக்கோ வீட்டை விட்டு வர மனமில்லை.

அதை வீடு என்று சொல்வதற்கே சண்டையால் எத்தனையோ இடம் மாற வேண்டியிருந்தது. பள்ளிக்கூட விறாந்தை, புளியமரத்தடி, தறப்பாள் கொட்டில், முகாம் என்று நாங்கள் உலை வைத்து இறக்காத இடம் இல்லை. கடைசியில் வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டி, குடிபூந்து பால் காய்ச்சிய அன்று, இனி என்னை இங்கிருந்து தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொன்னேன். அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வருத்தம் பார்க்க வருகிற சனம் வாழைப்பழம் சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே என்று புத்தி சொல்லிவிட்டுப் போகும். எல்லாவற்றையும் விட்டேன். வீட்டையும் விடு என்றால் என்ன செய்வது?

மகளிடம் தவணை கேட்டேன். விளக்கை உயர்த்திச் சரிபண்ணுகிறோம், இனி ஒரு தரம் இப்படி நடந்தால் நானே பையைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் அரைமனதோடு ஓம் என்றாள்.

விளக்கு ஏன் அப்படி இருக்கிறது என்பது எனக்கு அப்போதே தெரியும். என் கணவர்தான் இறக்கி வைத்தவர். பொங்கலுக்கு வந்த மருமகன் பார்த்துவிட்டு, என்ன மாமி இது என்று சிரித்து, பொனற்றைத் திறந்து உயர்த்திவிட்டுப் போனார். பிறகு ஒரு காலை குசினி யன்னலால் பார்க்கிறேன், இவர் திருகுசாவியோடு காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார். கேட்டதற்கு, எதிரே வருகிறவனின் கண்ணுக்குக் குத்தும் என்றார். எங்கள் ஒழுங்கையில் எதிரே வருவது பக்கத்து வளவு ஆடுகள் மட்டும்தான்.

சண்டைக் காலத்தில் அவர் வான் ஓட்டினவர். இரவில்தான் ஓட்டம். விளக்கின் கண்ணாடிக்குக் கறுப்பு அடித்து, விரல் அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் விட்டிருப்பார்கள். அந்தக் கீற்றும் நிலத்தைப் பார்க்க வேண்டும். மேலே விமானம் சுற்றுகிற சத்தம் கேட்டால் அதையும் நூர்த்து இருட்டாக்கிவிட்டு, மரங்களுக்கு இடையில் தெரிகிற வானத்தை வைத்துப் பாதையைக் கணித்து ஓடுவார்களாம். அப்படி ஓடிய ஓர் இரவு அவருக்குப் பின்னால் வந்த லொறிக்காரன், வீதியில் பள்ளம் கிடங்கு பார்ப்பதற்காகவோ என்னவோ, வெளிச்சத்தை ஒரு தரம் தூக்கிப் போட்டிருக்கிறான். மிச்சத்தை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்த மிச்சத்தில் என்னிடம் சொன்னது ஒரேயொரு வசனம்.

"பின்னுக்கு வந்த லொறி பிறகு வரேல்லை."

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவரை விளக்கை உயர்த்தச் சொன்னேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சண்டை முடிந்து எவ்வளவு காலமாகிவிட்டது, இப்போது மேலே பறக்கிறது வௌவால் மட்டும்தான் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, அப்ப செய்வம் என்றார்.

அடுத்த நாள் பொழுதுபட்டு மம்மலாகிற நேரத்தில் நெல் காயவிடுகிற சீமெந்துத் தரையில் காரைக் கொண்டுவந்து விட்டார். வளவுக்குள் சமமான தரை அது ஒன்றுதான். மருமகன் போனில் சொல்லச் சொல்லச் செய்தோம். முதலில் காரைக் களஞ்சிய அறையின் சுவரோடு ஒட்டினால் போல நிறுத்தி, விளக்குகளின் நடுப்பகுதி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் சுவரில் கறுப்பு ரேப் நாடாவை ஒட்டினோம். பிறகு காரை நேராகப் பின்னுக்கு எடுத்து, தரையின் மற்றத் தொங்கலில் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ரேப்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். எங்கள் வெளிச்சம் சுவருக்குப் போகவேயில்லை. தரையில் பாதித் தூரத்திலேயே படுத்துவிட்டது.

ஓட்டுகிற ஆளின் பாரம் காருக்குள் இருந்தால்தான் அளவு சரிவரும் என்றார் மருமகன். திருகாணியைத் திருப்ப இவர் வெளியே நிற்க வேண்டும் என்பதால் நான் உள்ளே ஏறி இருந்தேன். இவர் என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு, போய் ஒரு பை நெல்லைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் வைத்தார். இவ்வளவு வத்திப்போனேனா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நெல் சரிந்துவிடாமல் பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வேலையை அவர் மிக நேர்த்தியாகச் செய்தார். அந்தக் கைகளுக்கு வாகனம் என்றால் தண்ணீர் பட்டபாடு. ஒவ்வொரு திருகலுக்கும் வெளிச்சம் தரையில் ஊர்ந்து போய், சுவரில் ஏறி, ரேப்புக்குக் கீழே வந்து நின்றது. சுவரின் வெடிப்புகள், பல்லி, கொடியில் மறந்துபோன என் சட்டை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சரி, இனி வீட்டில் இருக்கலாம் என்று எனக்குச் சந்தோசம் வந்தது. அவர் சுவரைப் பார்க்காமல் பொனற்றை மெதுவாக மூடிவிட்டு, அவசரமாக வந்து விளக்கை நூர்த்தார். அதைக் கண்டும் நான் காணாத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்தக் கிழமை வழமைபோல் இருட்டோடு புறப்பட்டோம். முறிகண்டிக் கோயிலடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினோம். பெரிய வீதியில் பஸ்களும் லொறிகளும் வந்துகொண்டிருந்த மட்டும் அவருக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்களின் வெளிச்சத்தோடு எங்கள் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து போனது. மாங்குளம் கழிய வீதி வெறிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் காடு. எங்கள் வெளிச்சம் மட்டும் தன்னந்தனியாக நெடுந்தூரத்துக்குப் போய் விழுந்தது. எனக்கு ஒவ்வொரு கிலோமீற்றர் கல்லும் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகுதான் அவர் பக்கம் திரும்பினேன். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியிருந்தன. வீதியைப் பார்க்க வேண்டிய மனிதன் ஸ்ரேறிங்கில் நெஞ்சு முட்டக் குனிந்து, முன்கண்ணாடியால் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சேருங்கோ என்று கூப்பிட்டேன். காதில் விழவில்லை. திடீரென்று விளக்கை நூர்த்துவிட்டார். கார் ஓடிக்கொண்டேயிருந்தது. நல்ல வேகத்தில், ஒரு பொட்டு வெளிச்சமில்லாமல், கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. நான் அவருடைய கையைப் பிடித்துக் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை.

காரை ஓரமாக்கி நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.  எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆனால் நின்ற காருக்குள்ளும் அவர் குனிந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகு அது போய்விட்டது.

"எனக்கு ஏலாமக் கிடக்கு," என்றார். "நீர் என்னை ஏசாதையும்."

 விடியும்வரை அப்படியே இருந்தோம். காடு வெளித்து வீதி தெரிந்த பிறகு காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் என் முறை தவறிவிட்டது. தாதிப் பிள்ளை இரக்கப்பட்டு மத்தியானத்தில் ஓர் இடம் பார்த்துத் தந்தாள். ஊசி ஏறிப் படுத்திருந்த நேரம் முழுக்க நான் யோசித்தது ஒன்றே ஒன்று. அவரை இனி இருட்டில் கொண்டுவரக் கூடாது. வருத்தம் என்னுடையது. அதற்காக அந்த மனிதனைக் கிழமைக்கு இரண்டு தரம் அந்தச் சண்டைக்கால இரவுக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

எல்லாம் முடிந்து விறாந்தை வாங்கில் குந்தியிருந்தபோது சொன்னேன்.

"நான் எங்கட பிள்ளையோட நிக்கிறன். நீங்கள் பகலில வந்து பாருங்கோ."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்பார், இன்னொரு தரம் ஓடிப் பார்க்கிறேன் என்பார், ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்சம் யோசிப்பம் என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதுகளுக்கெல்லாம் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

"ஓம், அதுதான் நல்லம்," என்றார், உடனேயே.

அவர் முகத்தில் அப்படி ஓர் ஆறுதலை நான் முகாமை விட்டு வெளியே வந்த அன்றுகூடக் கண்டதில்லை. என் உடுப்புகளை எப்போது கொண்டுவருவது, மாட்டுக்கு யார் தண்ணீர் வைப்பது என்று கடகடவென்று கதைக்கத் தொடங்கிவிட்டார். பிறகு, இருட்ட முன்னம் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி, வெயில் தாழ முதலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.