விமானிக்கு எத்தனை மார்க் வேண்டும்

பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் என் மகள் விமானி ஆகப்போவதாகச் சொன்னாள். எதையும் நாலு பேரிடம் விசாரிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விமானிக்கு எத்தனை மார்க் வேண்டும் என்று அன்றே கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பது என் வேலை. பதனிட்டு வந்த தோலை மேஜையில் விரித்து, கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் பார்த்து, பின்பக்கம் சாக்பீஸால் ஓர் எண் போடுவேன். அதை வைத்துத்தான் அந்தத் தோல் எங்கே போகும் என்று முடிவாகும். இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். மாம்பழம் வாங்கினாலும் மாப்பிள்ளை பார்த்தாலும் மனசுக்குள் ஓர் எண் போட்டுவிடுவோம். மகளின் மார்க் ஷீட்டைப் பார்த்தபோதும் அதைத்தான் செய்தேன். கணக்கில் ஐம்பத்தெட்டு. மூன்றாம் தரம்.

சாயப் பிரிவில் வேலை செய்யும் பாய், டாக்டருக்குக் கேட்கிற மார்க் இதற்கும் கேட்பார்கள் என்றார். பஜாரில் விமான டிக்கெட் போட்டுத் தருகிற கடைக்காரர், டிகிரி இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்றார், ஏதோ தானே பத்து விமானம் ஓட்டியவர் மாதிரி. பள்ளியிலோ, ஃபர்ஸ்ட் குரூப்பில் திணறுவதைவிட காமர்ஸ் எடுத்தால் மார்க் அள்ளலாம், மார்க் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. காமர்ஸ் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்றிருந்த மகள் பேனாவை வாங்கி மூடிப் பைக்குள் வைத்தாள்.

ப்ளஸ் டூவில் நிஜமாகவே மார்க்கை அள்ளினாள். தெருவுக்கே லட்டு கொடுத்தேன்.

அடுத்த மாதம் பாய் வீட்டுக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மாப்பிள்ளைக்கு உறவு, விமானியாக இருக்கிறார் என்று தெரிந்தது. விடுவேனா? எத்தனை மார்க் எடுத்தீர்கள் என்று கேட்டேன். பிசிக்ஸில் தட்டுத் தடுமாறித்தான் பாஸ் என்று சிரித்தார். டிகிரி முடிக்கவே இல்லையாம்.

"மார்க்கெல்லாம் யாரும் கேக்கல அங்கிள். ப்ளஸ் டூல பிசிக்ஸும் மேத்ஸும் இருக்கணும், பாஸாயிருக்கணும். அப்புறம் இங்கிலீஷ், உடம்பு டெஸ்ட். அவ்ளோதான்."

வாயில் வைத்த பிரியாணி அப்படியே நின்றுவிட்டது. மார்க் சேர்ப்பதற்காக நான் தள்ளிவிட்டது அந்த இரண்டு பாடங்களைத்தான். என் முகத்தைப் பார்த்து என்னவென்று விசாரித்தவர், திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டை மட்டும் தனியாக எழுதிப் பாஸாகலாம், இன்னும் வழி இருக்கிறது என்றார். கை கழுவிவிட்டு நேரே வீட்டுக்கு ஓடினேன்.

நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தும் மகள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும்பா. ஃபாரம்ல நீ கையெழுத்து போடும்போதே தெரியும்."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டே. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு அந்தப் பாடம் வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்டே. அதுக்கப்புறம் நான் இன்னா சொல்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இரண்டு பாடங்களையும் எழுதுகிறாயா என்று கேட்டேன். சாப்பிட்டாயா, படித்தாயா என்பதைத் தவிர அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"யோசிச்சு சொல்றேன்பா," என்றாள்.

இன்றோடு பத்து நாள் ஆகிறது. அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் வேறு யாரிடமும் போய்க் கேட்கவில்லை.