பக்கக் கதவில் எழுதிய எண்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவளைத் தெருவில் எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிப்பது அவள் வித்தை. ஒரு முனையை முகவாயில் இடுக்கிக்கொண்டு கைகளை ஒரு வீச்சு வீசினால், விரிப்பு சதுரமாகி மேசையில் கிடக்கும். வீட்டிலும் அப்படித்தான். செய்தித்தாள், காலிப் பை, தம்பி கழற்றி எறிந்த சட்டை, எது கையில் கிடைத்தாலும் மடித்துவிடுவாள். "அத்தை, சும்மா நின்னா என்னையும் மடிச்சு அலமாரியில வெச்சிருவீங்க" என்பாள் தம்பி மகள்.

கட்டியவன் இன்னொருத்தியோடு போன பிறகு, ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அப்பாவுக்குப் பிறகு வீடு தம்பி பெயருக்குப் போனது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சந்துப் பக்கம் இருந்த அறை அவளுடையது என்று ஆனது. அந்த அறைக்குத் தனிக் கதவு உண்டு. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வருபவள், முன்கதவைத் தட்டி யார் தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம் என்று அந்த வழியாகவே வருவாள். அதே காரணத்துக்காகத்தான் ஒரு சின்ன மின் அடுப்பும் வாங்கி வைத்தாள். ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்துவிட்டுப் படுப்பதற்கு. அந்த அடுப்பில் டீயைத் தவிர எதுவும் கொதித்ததில்லை. சாப்பாடெல்லாம் உள்ளே, தம்பி மனைவியின் சமையலறையில், மற்ற மூவரோடும் சேர்ந்துதான்.

போன வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தபோது அவள் பகல் வேலையில் இருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் முன்கதவு நிலையில் 41 என்று நீல மையில் எழுதியிருந்தது. அவளுடைய பக்கக் கதவில் 41-அ. மீட்டர் பார்க்க வந்தவன் வேலையாக இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வீட்டு முடிதிருத்துபவர்தான் விளக்கினார்.

"ஒரே வீட்ல ரெண்டு குடும்பம் இருந்தா அப்படித்தான் போடுவாங்களாம். நீங்க தனிக் குடித்தனம் போயிட்டீங்களாமே? ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா!"

ஏதோ சொல்லி மழுப்பினாள். அன்று இரவு சாப்பிடும்போது யாராவது பேச்சை எடுப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் எடுக்கவில்லை. தம்பி மனைவி வழக்கம்போலப் பரிமாறினாள். வழக்கம்போலத்தானா, கரண்டி ஒரு நொடி தயங்கியதா என்று, அதுவரை கவனிக்காததையெல்லாம் அவள் கவனிக்கத் தொடங்கினாள். இரண்டாம் முறை சோறு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். கதவில் இருப்பது தண்ணீருக்குப் போகாத மை என்று பார்த்ததுமே தெரிந்தது. கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பாட்டில்கூட அலமாரியில் இருந்தது. ஆனால் எழுதச் சொன்னவர்களே துடைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

எண் அப்படியே இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கழுத்தில் அடையாள அட்டையும் குதிகாலில் பிளாஸ்திரியுமாக ஒரு பெண் தெருவுக்குள் வந்தாள். போன வருடக் கணக்கெடுப்பு எப்படி நடந்தது, பதில் சொன்னது யார், தப்பாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போவது அவள் வேலை. முடிதிருத்துபவர் வீட்டு வாசலில் அவள் பேசுவது, சந்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மடிப்பக்காவுக்குக் கேட்டது.

"உங்களைப் பத்தி நீங்களேதான் சொன்னீங்களா சார்?"

"நான் குளிச்சிட்டு இருந்தேம்மா. வீட்டுக்காரி என் வயசை ஆறு கூட்டிச் சொல்லிட்டா."

"மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னேன்" என்று உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "எழுத வந்தவரும் ஏன்னு கேக்கலையே!"

"சரி, மாத்திடலாமா?"

"மாத்துங்க. அப்படியே அவ வயசையும் பாருங்க. அவ சொன்ன கணக்குப்படி அவளுக்கும் அவ பெத்த பொண்ணுக்கும் எட்டு வயசுதான் வித்தியாசம் வருது."

மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தது தன் வீடு என்பது உறைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாற்றலாம் என்கிறாள் அந்தப் பெண். 'அக்கா எங்ககூடத்தான்' என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த ஒரு வருடத்தை மறந்துவிடலாம். ஆனால் அதை அவன் சொல்ல வேண்டும். அவளே கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

கூடத்தில் தம்பி செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஞாயிறன்று மட்டும்தான் விரல் நகங்கள் வெளுப்பாக இருக்கும். தம்பி மனைவி சமையலறை வாசலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வந்தவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாப்பத்தொண்ணுல மூணு பேர். சரியா?"

"சரி" என்றாள் தம்பி மனைவி.

"நாப்பத்தொண்ணு அ. ஒரே ஒருத்தர். அது..."

"நான்தாம்மா" என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி மடிப்பக்கா உள்ளே வந்தாள்.

"உங்ககிட்ட நேர்ல கேட்டாங்களா?"

"இல்ல. நான் வேலைக்குப் போயிருந்தேன்."

"அப்ப யார் சொன்னது?"

கத்தி நின்றது. "நான்தான் சொன்னேன்" என்றாள் தம்பி மனைவி. "தனி வாசல் இருக்கான்னு அந்தாளு கேட்டாரு. இருக்குன்னேன். அடுப்பு இருக்கான்னாரு. இருக்குன்னேன். இல்லாததையா சொன்னேன்?"

"பொய்னு யாரு சொன்னா இப்ப?" என்றாள் மடிப்பக்கா.

"நீங்க சொல்லலை அண்ணி. உங்க மூஞ்சிதான் ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கு."

"என் மூஞ்சி கிடக்கட்டும். அந்த அடுப்புல நான் என்னத்தை ஆக்கிக் கொட்டுறேன்னு அவர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கலை."

"டீ போடுறதுக்குப் பேரு குடித்தனமாம்மா?" என்று மகள் குறுக்கே வந்தாள்.

"நீ உள்ள போடி."

வந்தவள் டம்ளரைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் விழித்தாள். எத்தனையோ வீடுகளில் இப்படி மாட்டிக்கொண்டிருப்பாள் போலும். மெதுவாகச் சொன்னாள்: "வாசல், அடுப்பெல்லாம் விஷயமே இல்லைங்க. ஒரே சமையல்ல சாப்பிட்டா ஒரே குடும்பம். அவ்வளவுதான். ஒட்டு உறவே இல்லாதவங்களா இருந்தாலும் அப்படித்தான். தப்பா எழுதியிருந்தா இப்பவே திருத்திடுறேன். போன வருஷம் ஒரே சமையல்தானே?"

மடிப்பக்கா தம்பியைப் பார்த்தாள்.

"என்னடா, கேக்குறாங்கல்ல?"

தம்பி செய்தித்தாளில் ஒரு பக்கம் திருப்பினான். சின்ன வயதிலும் இப்படித்தான். வீட்டில் சத்தம் எழுந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

"ஏதோ அரசாங்கக் கணக்குக்கா. இதுல என்ன இருக்கு? உனக்கு எப்படித் தோணுதோ அப்படி எழுதச் சொல்லு."

"எனக்குத் தோணுறது இருக்கட்டும். உனக்கு?"

"எனக்கு எப்படி எழுதினாலும் ஒண்ணுதான்."

அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், அழலாம், சாயங்காலம் சமாதானமாகலாம். மடிப்பக்கா நாற்காலிக் கையில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து வைத்தாள்.

"தனின்னே இருக்கட்டும்மா."

"போன வருஷம் எப்படி இருந்தீங்களோ அதைத்தான் நான் எழுதணும்..."

"போன வருஷம் உங்க ஆளு வந்தப்ப நான் இந்த வீட்ல இல்ல. இருந்தவங்க சொன்னதுதான் சரி."

"குடும்பத் தலைவர்னு யாரைப் போட?"

"என்னைத்தான் போடணும். வேற யாரு இருக்கா போட்டிக்கு?"

அந்தப் பெண் மட்டும் மரியாதைக்குச் சிரித்தாள்.

மத்தியானம் அவள் சாப்பிட உள்ளே போகவில்லை. தலைவலி என்று தம்பி மகளிடம் சொல்லி அனுப்பினாள். சாயங்காலம் கடைக்குப் போய் அரிசி வாங்கி வந்தாள். அறையில் இருந்தது ஒரே ஒரு டீப் பாத்திரம்தான். அதில் ஒரு பிடி அரிசியைப் போட்டு, மூடி இல்லாததால் தட்டால் மூடினாள். கொதி வந்ததும் தட்டைத் தள்ளிக்கொண்டு பொங்கி அடுப்புக் கம்பியில் வழிந்தது. அறை முழுக்கத் தீய்ந்த வாசனை. சோறு வெந்த பிறகுதான் உப்பு வாங்கவில்லை என்பது தெரிந்தது. டீ மட்டும் போடும் அறையில் சர்க்கரைதான் இருந்தது.

சந்தில் செருப்புச் சத்தம் வந்து கதவுக்கு வெளியே நின்றது.

"அண்ணி."

"ம்."

"உப்பு இருக்கா?"

மடிப்பக்கா பாத்திரத்தைப் பார்த்தாள். அங்கே இங்கே ஒட்டிக்கொண்டு, பாதி குழைந்த சோறு.

"இருக்கு."

செருப்புச் சத்தம் திரும்பிப் போகும் என்று எதிர்பார்த்தாள். போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மரத்தில் ஈரத்துணியை அழுத்தித் தேய்க்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஸ்பிரிட் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அது தண்ணிக்குப் போகாது" என்றாள் உள்ளே இருந்தபடியே.

வெளியே தேய்ப்பது நிற்கவில்லை. அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, உப்பில்லாத சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள்.