மாமாவிடம் மிஞ்சிய சொல்

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியால் திரும்பிய எங்கள் மாமாவிடம் ஒரேயொரு சொல்தான் மிஞ்சியிருந்தது. ஓம். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். சாப்பிட்டீங்களா என்றால் ஓம். தண்ணி வேணுமா என்றால் ஓம். வலது கையும் காலும் சோர்ந்து, வாய் ஒரு பக்கம் இழுபட்டு, வாசலில் போட்ட கதிரையில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அம்மாவின் அண்ணன். கலியாணம் கட்டாதவர். மன்னார்க் கரையில், தாழ்வுபாடு என்ற ஊரில் எங்களோடுதான் இருந்தார். சொத்தென்று அவருக்கு இருந்தது மீன்பிடிக்கப் போகும் ஒரு வள்ளம்.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படும் பிள்ளை நான். ஒரு சொல்லுக்கு மேல் கதைக்காத மாமா எனக்கு நல்ல தோழனாகிவிட்டார்.

“மாமா, நீங்க நண்டா?”

“ஓம்.”

“நான் கப்பல் கப்டனா?”

“ஓம்.”

சொல்லிவிட்டு வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கட்டா என்றாலும் ஓம்தான். அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் சொன்னால் அகப்பையை ஓங்கிக்கொண்டு வருவார். “மாமாவைச் சாட்டிக்கொண்டு வாறியோ, கள்ளா!” என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றதில் மாமாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அந்தியில் செபமாலை தொடங்கினால் மாமா வேறு ஆள். மங்கள வார்த்தைச் செபத்தை ஒரு சொல் பிசகாமல் எங்களோடு சேர்ந்து முடிப்பார். அப்பாவுக்கு அது பெரிய அதிசயம். “மச்சானுக்கு எல்லாம் விளங்குது. கதைக்கத்தான் பஞ்சி, சோம்பல்,” என்பார்.

வள்ளம் கரையில் வெயிலில் கிடந்து பலகை வெடிக்கத் தொடங்கியது. அப்பா மேசன் வேலைக்குப் போகிறவர், கடல் தெரியாது. அரிப்பு என்ற ஊரிலிருந்து ஒருவர் வள்ளத்தை விலைக்குக் கேட்டு வந்தார். கொடுத்துவிடுவோம் என்றார் அப்பா. அம்மா விடவில்லை.

“அது அண்ணையின்ர வள்ளம். அவர் தன்ர வாயால சொல்லவேணும்.”

வாய் விழுந்துபோன ஆளிடம் யார் சம்மதம் கேட்பார்கள்? அம்மா கேட்டார். மாமாவுக்கு முகம் துடைத்து, கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுவிட்டார். சாட்சிக்குக் கோயில் மூப்பரையும் கூப்பிட்டு இருத்தினார்.

“அண்ணை, வள்ளத்தை விப்பமே?”

“ஓம்.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“ஓம்.”

மூப்பர் தலையாட்டினார். எல்லோருக்கும் மனப்பாரம் இறங்கியது. மாமா எதற்கும் ஓம் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கும் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வள்ளத்தை ஏற்றிப்போக வந்த அன்று, மாமா காலை இழுத்து இழுத்துக் கரைக்கு வந்துவிட்டார். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் கட்டியிருந்த கயிற்றை இடது கையால் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வாங்க வந்தவர் பயந்துபோனார்.

“என்ன அண்ணை, மனம் விரும்பித்தானே தாறீங்க?”

“ஓம்! ஓம்!” மாமா கத்தினார்.

“பழகின சாமான். அதுதான் அழுகை,” என்றார் அப்பா.

அம்மாதான் போய், தடவித் தடவி, மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்தெடுத்தார். மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மாமா இடது கையால் காட்டி, கதிரையைக் கடலுக்கு முதுகாகத் திருப்பிப் போடச் செய்தார். எங்கள் விளையாட்டும் நின்றுபோனது.

அது நடந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, போன வருடம், அம்மாவின் கால் வீக்கத்துக்கு மருந்தெடுக்க மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் பாரிசவாதம் வந்த ஒரு கிழவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். ஒரு இளம் டொக்டர் பிள்ளை கரண்டியைக் காட்டி, “ஐயா, இது சீப்பா?” என்று கேட்டாள். “ஓம்,” என்றார் அவர். பிறகு சீப்பையும் கரண்டியையும் மடியில் வைத்து, சீப்பை எடுக்கச் சொன்னாள். சரியாக எடுத்தார்.

“பாத்தீங்களோ அக்கா, அவருக்கு விளங்குது. ஆனா அவர் சொல்ற ஓமை நம்பாதேங்கோ. இல்லை எண்டு நினைச்சாலும் வாயில ஓம்தான் வரும்.”

“தேவாரம் முழுக்கப் பாடுறாரே, பிள்ளை?” என்று கேட்டாள் மகள்.

“அது பழகின தடம், தானா வரும். மனசில இருக்கிறதைப் புதுசாச் சொல்லுற வழிதான் அடைபட்டுப்போச்சு. நீங்கள் கையைப் பாருங்கோ, முகத்தைப் பாருங்கோ.”

அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கடல் தெரிந்ததும், “அண்ணை கையால சொல்லிக்கொண்டுதானடா நிண்டவர்,” என்றார்.

வள்ளத்தை வைத்திருப்போமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதே ஓம்தான். அந்தச் சொல்லுக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பது அன்று எனக்கே தெரியாது. மாமா ஓம் ஓம் என்று கத்தியபடி என்னைப் பார்த்தபோது, எங்கள் விளையாட்டில் அதற்குப் பிறகு வழக்கமாக வரும் அந்த ஒரு பக்கச் சிரிப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.