சந்தனம் பூசிய மெஷின்

மலையம்மாளுக்கு முப்பத்து மூன்று வயதில் புருஷன் மோட்டார் ரூமில் கரண்டு அடித்துச் செத்தான். அதற்குப் பிறகு ஊர் அவளை வேலைக்குக் கூப்பிடத் தவறியதே இல்லை. குங்குமத் தட்டை மட்டும் அவளைக் கண்டதும் நகர்த்தி வைத்துக்கொண்டது.

தோட்டம் போட்டுக்கொடுக்கும் காண்ட்ராக்டர் கருத்தக்கண்ணனிடம் பல வருடம் மண் சுமந்தாள். குழி வெட்டுவது ஆம்பளை வேலையாம். கடப்பாரையைத் தொட விடவில்லை. பிறகு பெட்ரோலில் ஓடும் குழி தோண்டும் மெஷின் வந்தது. இரண்டு கைப்பிடி, அடியில் இடுப்பளவு நீளத்துக்குத் திருகு. காளை என்கிற வேலையாள் அதை வீரத்தோடு அழுத்தினான். திருகு சுக்கான்கல் கலந்து இறுகிய மண்ணில் சிக்கி உதற, மணிக்கட்டு பிசகி உட்கார்ந்தான். மலையம்மாள் அழுத்தவில்லை. முதல் நாள் சாயங்காலமே குழி வரும் இடங்களில் குழிக்கொரு குடம் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக வைத்தாள். மறுநாள் திருகைக் கொஞ்சம் இறக்கினாள், தூக்கினாள், மண்ணை உதறினாள், மறுபடி இறக்கினாள். அன்றிலிருந்து மூன்று வருடமாக மெஷின் அவள் கையில்தான்.

போன ஆவணியில், கப்பலூரில் கம்பெனி நடத்தும் ஒருவர் அலங்காநல்லூர் ரோட்டில் பண்ணை வீடு கட்டினார். எண்பது மரக்கன்று நட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. அந்த வீட்டம்மா சுபலட்சுமி எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர். படித்தது பரீட்சைக்கு, வாழ்வதற்கு ஜோசியர் இருந்தார். முதல் குழி ஈசானிய மூலையில் சுமங்கலி கையால் விழ வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம்.

கருத்தக்கண்ணன் மலையம்மாளிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். “அக்கா, தண்ணித் தொட்டிக்குப் பின்னால போய் நில்லுங்க. பூஜை போடுற எடத்துல எல்லாம் இனி காளையே மெஷினப் பிடிக்கட்டும். நமக்கெதுக்கு வம்பு?”

பூஜை போடாத தோட்டம் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எங்கே இருக்கிறது? மெஷின் கையை விட்டுப் போகிறது, மறுபடி மண் சட்டிதான் என்று மலையம்மாளுக்குப் புரிந்தது. தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

சுபலட்சுமி மெஷினுக்கு மாலை போட்டு, சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தார். ஸ்டார்ட் ஆனதும் கைப்பிடியைப் பிடிக்க அவர் காத்து நிற்க, காளை கயிற்றை இழுத்தான். உறுமிவிட்டு அணைந்தது. இருபது தடவை இழுத்தும் அதே கதை. ஜோசியர் கண்ணேறு என்றார். எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். எலுமிச்சம்பழத்துக்கும் மெஷின் மசியவில்லை.

மணி பத்தேகால். பத்தரைக்கு ராகு காலம். கருத்தக்கண்ணன் தொட்டிக்கு ஓடி வந்தான்.

“அக்கா, என்னன்னு பாருங்களேன்.”

“காத்துப் போற ஓட்டை பூராவும் சந்தனத்த அப்பி வச்சா அது எப்படி மூச்சு விடும்?”

“தொடச்சு ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துருங்க. அந்தம்மா எடுக்கட்டும்.”

“நான் தொட்டா ஆகாதுன்னுதான நிறுத்தி வச்ச? இப்ப மட்டும் எப்படி ஆகும்?” முந்தானையை இடுப்பில் செருகினாள். “நான் தொட்டா குழியும் நான்தான் எடுப்பேன். முதக் குழியும் நான்தான். இனி எந்தத் தோட்டத்துலயும் நான்தான்.”

கருத்தக்கண்ணன் வீட்டுக்காரரைப் பார்த்தான். வீட்டுக்காரர் ஜோசியரைப் பார்த்தார். ஜோசியர் கடிகாரத்தைப் பார்த்தார். விதவையைவிட ராகுதான் அவர்களுக்குப் பெரிய பயமாக இருந்தது. சுபலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்ள, வீட்டுக்காரர் சரியென்று தலையாட்டினார்.

மலையம்மாள் மாலையைக் கழற்றி எறிந்தாள். மூடியைத் திறந்து வடிகட்டியைத் தட்டி, சந்தனத்தை விரலால் வழித்துத் தரையில் தேய்த்தாள். இரண்டாவது இழுப்பில் மெஷின் அலறியது. ஈசானிய மூலையில் அவள் எடுத்த குழி முழங்கால் ஆழத்துக்கு வட்டமாக இறங்கியது. பொழுது சாய்வதற்குள் எண்பதும் முடிந்தன. அவளுக்கு மோர் கொடுக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் கன்றுகளுக்குக் குச்சி கட்டப் போனவள் ஈசானிய மூலையில் நின்றுவிட்டாள். அவளுடைய குழியைத் தூர்த்து மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பக்கத்தில் கடப்பாரையால் கொத்திய ஒரு சாண் பள்ளத்தில், வேர் முடிச்சு வெளியே தெரிய ஒரு வேப்பங்கன்று சாய்ந்து கிடந்தது.

மற்ற எழுபத்தொன்பது கன்றுகளும் அவள் எடுத்த குழிகளில்தான் நின்றன. அத்தனையையும் தூர்த்துவிட்டு மறுபடி வெட்ட அவர்களுடைய ஆச்சாரத்துக்குத் தெம்பில்லை. மலையம்மாள் எழுபத்தொன்பதுக்கும் குச்சி கட்டினாள். மீந்த ஒரு குச்சியை ஈசானிய மூலையில் போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.